மிச்சத்து ஈரான் அண்ணை

ஈரானைப் பற்றி லண்டனிலேயே அதிகம் தெரிந்த மனிதர் மிச்சம் என்ற புறநகரில் செருப்பும் சப்பாத்தும் தைத்துக்கொண்டிருந்தார். சாவியும் வெட்டுவார். பிறந்தது யாழ்ப்பாணத்துக் கரையோரம். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது வாய் தவறிக் கேட்டால், அந்தக் கடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டி வரும். நான் இருபது வருடத்துக்கு முன்பு கேட்டேன். பதில் இன்னும் முடியவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. பெரியவர், சிறியவர், மூன்று தெரு தள்ளி இருந்த போலந்துக்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் 'ஈரான் அண்ணை'.

உலகத்தில் நல்லதாக எதைக் கண்டாலும் அதை ஈரானின் பெயரில் எழுதிவிடுவார். ரோசாப்பூ அங்கிருந்து வந்தது. ஐஸ்கிறீம் அங்கிருந்து வந்தது. காற்றாடி விடுவது, கண்ணுக்கு மை பூசுவது, வீட்டுக்கு வந்தவரை வாசலில் வைத்தே ஒரு மணி நேரம் வழியனுப்புவது, எல்லாம் அங்கிருந்துதான். தேநீரில் சீனி போட மாட்டார். பல்லிடுக்கில் ஒரு சீனிக்கட்டியை வைத்துக்கொண்டு அதன் வழியாகத் தேநீரை உறிஞ்சுவார். சர்க்கரை வியாதிக்காரர். மனைவி மலரக்கா கட்டிகளை எங்கே ஒளித்தாலும் அண்ணை கண்டுபிடித்துவிடுவார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று மலரக்கா கத்துவார்.

"டொக்டர் சீனியைப் பற்றிச் சொன்னவர். இது கலாச்சாரம்" என்பார் அண்ணை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாஸ்டர் என்றே எல்லோரும் அழைப்போம். அந்நியச் சொல் கலவாத தூய தமிழில் பேசுவதில் அவருக்குப் பெருமை அதிகம். ஒரு பொங்கல் விழாவில் அவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் இருந்த ஈரான் அண்ணை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இளையோர் தயாராக இருக்க வேண்டும்..."

"மாஸ்டர், 'தயார்' பாரசீகம்."

"அவர்களுக்குச் சால்வை போர்த்தி..."

"'சால்வை'யும் அங்கத்தையது."

"எவரிடமும் சிபாரிசு கேளாமல்..."

"மூண்டு" என்று அண்ணை எழும்பியே விட்டார்.

மாஸ்டர் ஒலிவாங்கியை இறக்கிவிட்டு, "இருங்கோ காணும்!" என்றார். அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அது தமிழ்தான்" என்று ஒப்புக்கொண்டு கதிரையில் இருந்தார்.

இவ்வளவு ஞானமும் எங்கிருந்து வந்தது? இளமையில் அவர் ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கப்பலின் எஞ்சின் பழுதாகி, ஏழு மாதம் அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான். துறைமுக வேலியிலிருந்து ஐந்து மைல் தாண்டி அவர் ஈரானுக்குள் போனதில்லை. ஆனால் இஸ்பகானின் நீலக் கூரைகளைப் பற்றி அவர் பேசும்போது, ஓடு பதித்த மேசன் அவர்தானோ என்று நமக்குச் சந்தேகம் வரும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூர் நகரசபையிலிருந்து, ஒரு கடிதம் வந்தது.

எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் நடன வகுப்பும் நடந்த மண்டபம் கவுன்சிலுக்குச் சொந்தமானது. இனிமேல் வேறொரு சமூகத்தோடு சேர்ந்து கலாச்சார விழா நடத்தும் சங்கங்களுக்குத்தான் மண்டபம் தருவோம் என்று கடிதம் மிகவும் அன்பாகச் சொன்னது. சமூகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டுமாம். புரிந்துகொண்டதற்கு அடையாளமாக மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டுமாம்.

செயலாளர் என்ற முறையில் நான் நாலு பக்கமும் ஓடினேன். போலந்துக்காரர்கள் ஏற்கெனவே போர்த்துக்கீசரோடு சேர்ந்துவிட்டார்கள். கானாக்காரர்களை ஐரிஷ்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். வைகாசி மாதத்துக் கலியாண மண்டபங்கள் மாதிரி, நல்லதெல்லாம் போய்விட்டது. அவசரக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்போது பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"ஈரான்" என்றார் அண்ணை.

"என்ன ஈரான்?"

"பங்குனியிலை அவையளுக்குப் புது வருஷம். நவ்ரூஸ். நாங்கள் சேர்ந்து கொண்டாடுவம்."

"ஆக்கள் வேணுமே, அண்ணை. எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டேன்.

"நாப்பது."

"நாப்பது ஈரான்காரரை உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாமல் பின்னை ஆருக்குத் தெரியும்?"

படிவத்தில் நாற்பது என்று எழுதி அனுப்பினேன். அரசாங்கக் காகிதத்தில் நான் எழுதிய பெரிய பொய் அதுதான் என்று சொல்லமாட்டேன். அகதி விண்ணப்பம் எழுதிய காலமும் ஒன்று இருந்தது.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மலரக்கா என்னை வழியில் மறித்தார். "தம்பி, உந்த மனிசனை நம்பாதையுங்கோ. உதுக்கு ஒரு ஈரான்காரரையும் தெரியாது. நோர்பரியிலை ஈரான் கடை ஒண்டு இருக்கெல்லோ? அதுக்குக் கிட்டப் போனால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தாலை நடக்கும்."

"ஏனக்கா?"

"ஆருக்குத் தெரியும்? கேட்டால் வெயில் எண்டும். நோர்பரியிலை என்ன வெயில்?"

அன்று மாலையே அண்ணையைக் காரில் ஏற்றி நோர்பரிக்குக் கொண்டுபோனேன். விழா மேசைக்கான பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. நவ்ரூஸ் மேசையில் 'ச' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குச் சரியாக ஞாபகம் இருந்தது. எந்தப் பொருள்கள், எந்த மொழியில் 'ச' என்பதெல்லாம் கடலோடு போய்விட்டது. ஆகவே தமிழில் எழுதியிருந்தார்: சீனி, சுக்கு, சீரகம், சந்தனம், சங்கு, சம்பல். ஏழாவது வரவில்லை என்று மூன்று நாள் நித்திரை கொள்ளாமல் யோசித்து, கடைசியில் 'சோல்ட் அண்ட் வினிகர் கிரிஸ்ப்ஸ்' என்ற உருளைக்கிழங்குப் பொரியலோடு முடித்திருந்தார்.

கடை வாசலுக்கு வந்ததும் அண்ணை நின்றுவிட்டார்.

"நீ போய்க் கேள். நான் பஸ் வருதோ எண்டு பாக்கிறன்."

"நாங்கள் காரிலையெல்லோ வந்தனாங்கள்?"

"எண்டாலும் பாக்கிறன்."

நான் மட்டும் உள்ளே போனேன். கல்லாவில் ஒரு அம்மையார் இருந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை முடியை அழகாக வாரிக் கட்டியிருந்தார். பெயர் பர்வீன். அந்தக் கடை அவருடையது. நான் ஆங்கிலத்தில் விழாவைப் பற்றிச் சொன்னேன். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். தமிழர் என்றேன். ஈரான் கலாச்சாரத்தைப் பற்றி யார் பேசுவார் என்று கேட்டார். அவரும் தமிழர்தான் என்றேன். ஈரானியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக என்னிடம் அர்த்தம் கேட்டார். கிரிஸ்ப்ஸில் வந்து நின்றதும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"தவறு இருந்தால் திருத்திவிடுங்கள்" என்றேன்.

"ஒன்றையும் தொடாதீர்கள்" என்றார் பர்வீன். "இதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். எத்தனை பேரைக் கூட்டி வரட்டும்?"

"நாற்பது."

வெளியே வந்தபோது அண்ணை பஸ் தரிப்பிடத்தில் நின்று, வந்த பஸ்ஸைக் கைகாட்டிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. முகம் வெளிறிப்போய், "உண்மையாய் வருவினமோ?" என்று கேட்டார். வீடு வந்து சேரும்வரை வேறெதுவும் பேசவில்லை. இருபது வருடத்தில் அவர் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தது அன்றுதான்.

விழா நாள் வந்தது. கவுன்சிலிலிருந்து ஒரு இளம் பெண் அதிகாரி கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து முன்னால் இருந்தார். நம்முடைய ஆட்கள் இருநூறு பேர். மேசையில் ஏழு 'ச'வும் வரிசையாக இருந்தன. அண்ணை மேடையில் நின்றார். தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் சரிகை மின்னும் ஒரு கையில்லாத சட்டை. அது தன்னுடைய கூறைச்சேலையின் முந்தானை என்று மலரக்கா கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் எடுத்தது. கண்டுபிடித்தபின் மண்டபத்தில் அவர் இருந்த மூலையில் யாரும் போய் இருக்கவில்லை.

மூன்று மணிக்கு வாசல் திறந்தது. பர்வீன் முன்னால் வந்தார். பின்னால் கோட்டுப் போட்ட கனவான்கள், வாசனை பூசிய சீமாட்டிகள், ஒரு பல் வைத்தியர், இரண்டு பேராசிரியர்கள், பிள்ளைகள். வாசலில் நின்று எண்ணினேன். நாற்பத்து மூன்று.

அண்ணை மேடையிலிருந்து அவர்களைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியில், "தேத்தண்ணி கொதிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

பர்வீன் மேசையைச் சுற்றி வந்தார். சங்கைக் காதில் வைத்துப் பார்த்தார். சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. கிரிஸ்ப்ஸ் பக்கெட்டைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார். "வினிகர் எங்கள் மேசையிலும் உண்டு" என்று என்னிடம் சொன்னார். "ஏழில் ஒன்று சரி. என் பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது."

அடுத்தது தீத்தாண்டும் சடங்கு. புது வருடத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை மாலையில் ஈரானியர் தெருவில் நெருப்பு மூட்டி அதைத் தாண்டிக் குதிப்பார்கள். பழைய வருடத்தின் நோயும் சோர்வும் நெருப்போடு போகும் என்பது நம்பிக்கை. எங்களுக்கு மண்டபம் கிடைத்தது சனிக்கிழமை மத்தியானம். வெளியே நெருப்பு மூட்டக் கவுன்சில் விடவில்லை. உள்ளே மெழுகுதிரி அளவில் என்றால் பரவாயில்லையாம். எனவே அண்ணை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தபடி, மூன்று பித்தளைத் தட்டில் கற்பூரத்தைக் குவித்து நிலத்தில் வைத்துக் கொளுத்தினோம்.

தமிழருக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் எழும்பியவர் மாஸ்டர். சப்பாத்தைக் கழற்றினார். குனிந்து இரண்டு கையாலும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவருக்குப் பின்னால் இருநூறு பேர். யாரோ தேவாரம் தொடங்கினார்கள். யாரோ பையிலிருந்து திருநீறு எடுத்தார்கள். "குதிக்க வேணும், கும்பிடக் கூடாது!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. இது தமிழர் பக்கத்துச் சடங்கு என்று எண்ணி ஈரானியக் கனவான்களும் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். பல் வைத்தியர் நெற்றியில் மூன்று குறியோடு திரும்பினார். கவுன்சில் அதிகாரி கண்ணில் ஒற்றிக்கொண்டு, புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

அப்போதுதான் தீ எச்சரிக்கை மணி அடித்தது.

இருநூற்று நாற்பத்து மூன்று பேரும், பாதிப்பேர் காலில் சப்பாத்தில்லாமல், கார் தரிப்பிடத்துக்கு ஓடினோம். பங்குனிக் குளிர். குசினிக்குள் பதுங்கியிருந்த அண்ணையும் வேறு வழியில்லாமல் சோற்றுச் சட்டியை அணைத்துக்கொண்டு பின்கதவால் வந்தார். பர்வீனைக் கண்டதும் சட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில், சாப்பாடு கொண்டுவந்த வான் வண்டி ஒன்று பின்பக்கமாக நகரத் தொடங்கியது. ஓட்டியவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பர்வீன் வானுக்கு நேர்பின்னால், முதுகைக் காட்டியபடி ஒரு பிள்ளைக்கு மேலங்கி போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். 

நாங்கள் கத்த வாயைத் திறக்குமுன் அண்ணையிடமிருந்து சத்தம் வந்தது. சோற்றுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றின் அடியிலிருந்து பாரசீகத்தில் ஒரு கூச்சல். நீளமான கூச்சல். அதில் எத்தனை சொல் இருந்தது என்று தெரியாது. நாற்பத்து மூன்று ஈரானியரும் ஒரே நேரத்தில் துள்ளி விலகினார்கள். பர்வீன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தார். வான் அவர் நின்ற இடத்தைக் கடந்து குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது.

 பிறகு பேராசிரியர் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். அவரிலிருந்து அடுத்தவருக்கு, அவரிலிருந்து எல்லோருக்கும் சிரிப்புப் பரவியது. பர்வீன் வானில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"முழுதும் சொல்ல முடியாது" என்றார் பர்வீன். "குருட்டுக் கழுதைகளே, கயிறு அறுகிறது, ஓடுங்கள் என்பது சொல்லக்கூடிய பகுதி. மற்றது உங்கள் அம்மாவைப் பற்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் பேசுகிற பாஷை." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "ஐயா, இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

அண்ணை நடைபாதை விளிம்பில் குந்திவிட்டார். "குலாம்" என்றார்.

அந்தப் பெயரை இருபது வருடத்தில் நான் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து நின்ற மலரக்காவும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

குலாம் பந்தர் அப்பாஸில் கிரேன் ஓட்டியவர். கப்பல் கம்பனி கைவிட்டு, கப்பலில் சாப்பாடு தீர்ந்தபோது, வெள்ளிக்கிழமை தோறும் அண்ணையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனவர். இலங்கையில் கலவரம் நடந்த வருடம் அது. அண்ணைக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை. குலாமின் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறும் மீனும் போட்டு, அவர் கடைசிப் பருக்கை சாப்பிடும்வரை பக்கத்திலேயே இருப்பாராம். எஞ்சின் சரியாகிக் கப்பல் புறப்பட்ட கிழமை, ஈராக்கோடு நடந்துகொண்டிருந்த போருக்குக் குலாமுக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றார்.

"பிறகு லண்டனுக்கு வரேக்கை, கையிலை ஒரு காகிதமும் இருக்கக் கூடாது எண்டு அகதியாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லிப்போட்டான். பிளேன் கக்கூசுக்குள்ளை நிண்டு எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டனான். அந்த அட்டையும் அதோடை போயிட்டுது" என்றார் அண்ணை. தமிழில்தான் சொன்னார். நான் ஆங்கிலத்தில் பர்வீனுக்குச் சொன்னேன். "போடுறன் எண்டு சொன்ன கடிதத்தை நான் போடேல்லை. அவன் திரும்பி வந்தானோ இல்லையோ தெரியாது. உங்கடை ஆக்களின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

"நாப்பது வருஷமாய் என்னட்டைக்கூடச் சொல்லேல்லை" என்றார் மலரக்கா. கூறைச்சேலைக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

பர்வீன் அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, குலாம் என்ற பெயரில் அந்தத் துறைமுகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் தெரியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பல் வைத்தியரைக் கூப்பிட்டார். அவருடைய மைத்துனர் பந்தர் அப்பாஸில்தான் இருந்தாராம்.

கவுன்சில் அதிகாரியின் அறிக்கை வந்தது. தமிழரும் ஈரானியரும் தொன்றுதொட்டுப் பகிர்ந்துகொள்ளும் நெருப்பு வழிபாடு தன்னை நெகிழ வைத்தது என்றும், அவசர வெளியேற்றப் பயிற்சியையும் விழாவில் சேர்த்தது முன்மாதிரி என்றும் எழுதியிருந்தார். மண்டபம் தப்பியது. அடுத்த வருடம் தாங்கள் தனியாக நடத்தும் விழாவுக்குக் கற்பூரம் எங்கே வாங்கலாம் என்று ஈரானியர்கள் போனில் கேட்டார்கள்.

நாலு மாதம் கழித்து பல் வைத்தியரின் மைத்துனரிடமிருந்து செய்தி வந்தது. கிரேன் ஓட்டிய கிழட்டுக் குலாம்கள் மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், மூன்று பேருமே 'ஆம், அது நான்தான்' என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் குரல் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருவர், ஒல்லியான சிலோன் பெடியனை நினைவிருக்கிறது என்றார். ஒருவர், அம்மா சாகும்வரை உன்னைக் கேட்டாள் என்றார். மூன்றாமவர், உன்னை எப்படி மறப்பேன் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாமல் அழுதார்.

அண்ணை கடையை அரைநாள் பூட்டிவிட்டு மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்பது வருடத்துக் குரல், பிடிபடவில்லை.

"ரெண்டு பேர் பொய் சொல்லுகினம்" என்றேன் நான்.

பிறகு பர்வீனிடம் சொன்னபோது அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒருவன் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து தேடுகிறான் என்றால், அது நான் இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் மனம் வராது" என்றார்.

அண்ணை மூன்று பேரையும் வைத்துக்கொண்டார். மூன்று பேருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். மூன்று பேரும் தனித்தனியே மன்னித்தார்கள். பிறகு அவரைத் தாங்க முடியாமல் போனது வேறு கதை. இப்போது ஈரானியர் சங்கமே அவரை மேடைக்குக் கூப்பிடுகிறது. பேராசிரியர்களுக்கே பாரசீகம் திருத்துகிறார்.

போன முறை ஈரானில் குண்டு விழுகிறது என்று செய்தி வந்து, தொலைபேசித் தொடர்பெல்லாம் அறுந்துபோனபோது நான் அவருடைய கடைக்குப் போனேன். அவர் ஒரு சப்பாத்துக்கு அடித்தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரே சப்பாத்துக்கு மூன்றாவது தடவையாக. போன் மேசையில் கிடந்தது. நான் முக்காலியில் இருந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

"உனக்கு வேலை வெட்டி ஒண்டும் இல்லையோ?" என்று ஏசினார்.

"ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள் அண்ணை" என்றேன்.

நாலாம் நாள் மத்தியானம் போன் முனகியது. அண்ணை பசைக் கையோடு எடுத்துக் காதில் வைத்தார். ஒரு நிமிடம் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சொல்லக்கூடாத பகுதிகள் நிறைந்த ஒரு நீண்ட பாரசீகத்தில் சிரித்துச் சிரித்துத் திட்டினார்.

"எந்தக் குலாம் அண்ணை?" என்று கேட்டேன்.

"எவனெண்டால் என்னடாப்பா, இருக்கிறானெல்லோ!" என்றார்.

அந்த நாலு நாளும் நான் லீவு போட்டிருந்தேன். இதை வாசித்தால்தான் அவருக்கு அது தெரியவரும்.